மெல்லக் குறையும் ரத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். செவிலியர் கல்லூரி, முதலாம் ஆண்டு, உடற்கூறும் உடலியங்கியலும். முன்பு எடுத்தவர் பாதியில் நின்றுவிட்டார். எலும்பு, தசை, நரம்பு வரை முடித்திருக்கிறார். ரத்தத்திலிருந்து நான் தொடங்க வேண்டும். "விலங்கியல் எடுத்தவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா சார்?" என்றார் முதல்வர். தலையாட்டி வைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டியவன் நான். மனித உடம்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் துறையை ஏப்ரலில் மூடினார்கள். சேர யாரும் வரவில்லை என்பது காரணம். பொய்யில்லை. ஃபார்மலினில் இருந்த உயிரினங்களையெல்லாம் ஜாடியோடு அள்ளிக்கொண்டு போனதை நின்று பார்த்தேன்.

கம்பத்தில் வீடு இரண்டாம் மாடியில் கிடைத்தது. படி குறுகல். சாமான் ஏற்றிய அன்று திலகவதி பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்தியவள் அவள். பெண்கள் பேச்சும் மிஷின் சத்தமுமாக வீடு எப்போதும் கலகலவென்று இருக்கும். என் வேலைக்காக எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு வந்திருக்கிறாள். "வருத்தமா?" என்று கேட்டேன். "என்ன வருத்தம், போங்க" என்றாள். அதன்பிறகு வாய் திறக்கவில்லை. வருத்தம்தான்.

ஜூன் 12, வியாழன்

முதல் வகுப்பு. ஆய்வகத்திலிருந்து ஒரு குழாய் ரத்தம் வாங்கி, உறையாமல் இருக்க மருந்து சேர்த்து, மேசையில் நிறுத்தி வைத்தேன். பேசி முடிப்பதற்குள் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், ரத்தம்னா சிவப்புதானே?" என்று ரூபாவதி என்ற பெண் கேட்டாள். முன் பெஞ்சு. ஒல்லியாக இருப்பாள்.

"பாதிக்கு மேல இந்த மஞ்சத் தண்ணிதான். பிளாஸ்மா. சிவப்பு அதுல மிதக்குது, அவ்வளவுதான்."

சத்தும் உப்பும் சர்க்கரையும் கழிவும் எல்லாம் அந்த நீரில்தான் பயணம் செய்கின்றன என்று சொன்னேன். இரண்டு மணி நேரம் நின்றதில் கால் வலித்தது.

மாலையில் மொட்டை மாடிக்குப் போனேன். குமுளிப் பக்கமிருந்து காற்று அறைகிறது. கொஞ்ச நேரத்தில் திலகவதியும் வந்து நின்றாள். மூச்சு வாங்கினாள்.  

ஜூன் 13, வெள்ளி

ஒன்றுமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சிவப்பணுக்கள். தட்டு மாதிரி இருக்கும், நடுவில் குழிந்திருக்கும், உட்கரு கிடையாது. உட்கருவைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்திலும் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொள்கிறது. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. நாலு மாதம் ஓடும், பிறகு மண்ணீரலில் உடையும். இதைச் சொன்னபோது வகுப்பில் யாரோ "பாவம் சார்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

மதியம் திலகவதி போன் செய்தாள். சாப்பிட்டீர்களா என்று. அருப்புக்கோட்டையில் இருந்தவரை ஒருநாளும் கல்லூரிக்குப் போன் செய்யாதவள். இங்கே வந்த நாளிலிருந்து தினமும் செய்கிறாள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் எஸ்தர் மேடம் வேறு பார்த்துச் சிரிக்கிறார். நர்சிங் பாடம் எடுப்பவர். பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். "நல்லா இருக்கு சார், புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மகள் தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அம்மாவோடு அரை மணி நேரம், உள் அறையில், குரலைத் தாழ்த்தி. என்னிடம் கொடுத்தபோது, "நீங்க எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டாள். "நல்லா இருக்கேன்." "இல்லப்பா, உண்மையிலேயே?" இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

ஊரை விட்டு வந்த குறையை மகளிடம் சொல்லி அழுகிறாள் போலிருக்கிறது. என்னிடம் சொன்னால் என்ன?

மத்தியானம் அரிசி புடைக்கும்போது வாயில் பச்சரிசியைப் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். கேட்டதற்கு, "சும்மா, ருசியா இருக்கு" என்றாள். பிறகு கூடத்திலேயே படுத்துத் தூங்கினாள். போனில் கேஸ் சிலிண்டர் பதிவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க உட்கார வைத்திருந்தேன். பாதியில் கண் சொருகிவிட்டது. போன மாதம் ஒருமுறை சொல்லிக் கொடுத்ததும் நினைவில்லை. எழுப்பிக் கேட்டால், "நீங்கதான் இருக்கீங்களே" என்கிறாள்.

ஜூன் 30, திங்கள்

வெள்ளையணுக்கள் முடிந்தன. பாடம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு பாடம் தயாரிப்பது பிடிக்கும். இப்போது வரி வரியாகக் கல் சுமப்பது மாதிரி இருக்கிறது.

சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று இருக்கின்றன. திலகவதியிடம் ஓரம் பிடித்துத் தைத்துத் தரச் சொன்னேன். அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே மிஷின் மூலையில் உறை போட்டுக் கிடக்கிறது. "நாளைக்கு" என்றாள். நேற்றும் நாளைக்கு என்றுதான் சொன்னாள்.

ஜூலை 3, வியாழன்

மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டால், "காத்துல அடிச்சுக்கிட்டே கெடக்கு, அதான் பூட்டினேன்" என்றாள். சாவியைக் கொடுக்கவும் மனதில்லை. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். அந்தப் பத்துப் பன்னிரண்டு படிக்கு இரண்டு இடத்தில் நின்றாள்.

மேலே காற்றில் நின்றபடி, "உனக்கு இந்த ஊர் பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லு திலகா. இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என் பின்னாடியே சுத்தாத" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஊருக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கீழ போலாம் வாங்க. தோசை ஊத்தணும்."

மாடியின் கைப்பிடிச் சுவர் ரொம்பத் தாழ்வு. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ரத்தசோகை. பாடத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்; நாளைக்கு ஆஸ்பத்திரியில் நிற்கப்போகிற பிள்ளைகள். விபத்தில் ஒருவருக்கு ஒரே மூச்சில் ரத்தம் போனால் உடம்பு தாங்காது, சுருண்டுவிடும். அதே அளவு ரத்தம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். மூச்சு கொஞ்சம் வேகமாகும். தோலுக்குப் போகிறதைக் குறைத்து மூளைக்கு அனுப்பும். ஆள் நடமாடுவார், சமைப்பார், பஸ் ஏறுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது. பாதி ரத்தத்தில் குடும்பம் நடத்துகிற பெண்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

"அப்ப எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று ரூபாவதி கேட்டாள்.

"கீழ் இமையை லேசா இழுத்துப் பாருங்க. உள்பக்கம் சிவப்பா இருக்கணும். வெளுத்திருந்தா சந்தேகப்படுங்க. நகத்தைப் பாருங்க. மாடி ஏறுனா மூச்சு வாங்குதான்னு கேளுங்க. மண்ணு, சாம்பல், பச்சரிசி திங்கத் தோணுதான்னு கேளுங்க."

ஒருவர் இமையை ஒருவர் இழுத்துப் பார்த்துக்கொண்டு வகுப்பே சந்தை மாதிரி ஆகிவிட்டது. மணி அடித்தது. ஆசிரியர் அறைக்கு வந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று எழுதத் தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

பிள்ளைகளைத் தெருக்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் உடல்நலம் விசாரித்துப் பழகும் பயிற்சி. எங்கள் தெருவும் வந்திருக்கிறது.

தட்டணுக்கள் பற்றி எழுதி முடித்தேன். காயம் பட்ட இடத்தில் முதலில் வந்து ஒட்டிக்கொள்பவை அவைதான்.

ஜூலை 17, வியாழன்

ரூபாவதி இன்று ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். எஸ்தர் மேடம் இருந்தார். தயங்கினாள். வராந்தாவுக்குப் போனோம்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. நேத்து உங்க வீட்டுக்கு வந்தோம். உங்க வீடுன்னு தெரியாது சார், போட்டோ பாத்துத்தான் தெரிஞ்சுச்சு. உங்க வீட்டு மேடம்தான் தண்ணி குடுத்தாங்க. எல்லாரையும் பாக்குற மாதிரி கண்ணையும் பாத்தேன் சார்." நிறுத்தினாள். "சுத்தமா வெள்ளையா இருக்கு சார். நகமும்."

"அவங்க நிறமே வெளுப்புதாம்மா."

"இமைக்கு உள்ள சார்."

"சரி. நான் பாத்துக்கிறேன்."

"மேடம் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க சார்."

"அப்பறம் ஏன் சொன்னே?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பெண் முகம் சுருங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன? நீங்க சாப்பிடுற சாப்பாட்டுக்கு உங்க உடம்பத்தான் பாக்கணும்" என்றாள். விளக்கு வெளிச்சத்தில் இமையைப் பார்க்க முடியவில்லை. பார்க்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். சொன்னேன். "தேனு வரட்டும், போவோம்" என்றாள்.

குளியலறைக் கொடியில் பழைய சேலையைக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். நிறைய. இத்தனை துணி எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. தூசி துடைப்பாளாக இருக்கும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கல்லூரி உண்டு. ரத்த வகைகள் நடத்தினேன். ரூபாவதி கேள்வி எதுவும் கேட்கவில்லை.

சோர்வு. வேறொன்றும் எழுத இல்லை.

ஜூலை 28, திங்கள்

தேனி பெரியாஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மாலை நான் மொட்டை மாடிக்குப் போனேன். திலகவதி படுத்திருந்தாள். சத்தமில்லாமல்தான் கதவைத் திறந்தேன். அன்று காலையிலிருந்தே மனம் ஒரு மாதிரி இருந்தது. அதை விவரிக்க வேண்டாம். சுவர் ஓரமாக நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

படியில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. துணி மூட்டையைப் போட்ட மாதிரி.

ஓடினேன். மேல்படிக்கு இரண்டு படி கீழே சாய்ந்து கிடந்தாள். கை சுவரைப் பிடித்தபடி இருந்தது. உதடு காகிதம் மாதிரி. என்னைப் பார்த்ததும், "இருக்கீங்களா" என்றாள். அவ்வளவுதான். கண் மூடிவிட்டது.

அவளைத் தூக்கினேன். இமையை இழுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரும் அவர் மகனும் வந்தார்கள். கம்பம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்சில் தேனிக்கு அனுப்பினார்கள். சேலை ரத்தத்தில் நனைந்திருந்தது. அதுவரை அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

ஹீமோகுளோபின் நாலு புள்ளி இரண்டு. பன்னிரண்டு இருக்க வேண்டியது. "இதோட எப்படிங்க நடமாடிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார் பணியிலிருந்த பெண் டாக்டர். அதற்கான பதிலை இந்த மாதம்தான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னேன். 

கர்ப்பப்பையில் கட்டிகள். மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. "எத்தனை நாளா இருக்கும்மா?" என்று டாக்டர் கேட்டார். கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டே திலகவதி சொன்னாள்: "ஒரு வருசமா. ஏப்ரல்ல அருப்புக்கோட்டையிலே காட்டினேன். எடுக்கணும்னாங்க."

"அப்பறம் ஏம்மா எடுக்கல?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

ரத்தம் ஏற்றுகிறார்கள். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இத்தனை நாள் தண்ணியான ரத்தத்தை ஓட்டி ஓட்டிக் களைத்த இதயம், அவசரப்படுத்தினால் திணறிவிடும். சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

இன்னும் ரத்தம் வேண்டும். கொடுப்பதற்கு ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். அவளுக்கும் எனக்கும் ஒரே வகை, பி பாசிட்டிவ். ரத்த வங்கிக்குப் போனேன். எடை பார்த்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். அங்கிருந்த நர்ஸ் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சமீபத்துல எடை கொறஞ்சுச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? பேன்ட்டு பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க. தூக்கம்?"

"பரவாயில்ல."

"சாப்பாடு?"

சட்டையை இழுத்துப் பெல்ட்டை மறைத்தேன்.

"உங்ககிட்ட இன்னிக்கு எடுக்க முடியாதுங்க. பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்கு. நீங்க முதல்ல ஒரு டாக்டரப் பாருங்க" என்று வேறு ஒருவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். எஸ்தர் மேடத்துக்குப் போன் செய்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மதியத்துக்குள் கல்லூரி வேனில் வந்து இறங்கினார். கூட டிரைவர் பாண்டியராஜும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும். மேடமே முதலில் போய்ப் படுத்துக் கொடுத்தார். ரூபாவதியும் வருகிறேன் என்று அழுதாளாம். எடை போதாது என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

பாண்டியராஜ் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "வீட்டம்மாவுக்குச் சரியாயிரும் சார்" என்றார். அவரோடு இதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூலை 30, புதன்

தேன்மொழி வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து என் எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும்.

"எனக்கும் தெரியாதுப்பா" என்றாள். "தினமும் பேசினேன். அம்மா ஒரு நாள்கூடத் தன்னப் பத்திச் சொல்லல. உங்களப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாங்க."

"என்னப் பத்தி என்ன?"

"அப்பா சாப்பிடல. அப்பா யார்கூடயும் பேசல. அப்பா மாடியில போய் நின்னுக்கிட்டே இருக்காரு. பயமா இருக்குன்னு." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் வரட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவருக்குச் சங்கடமாப் போயிரும், நான் கூடவே இருந்துக்கிறேன்னாங்க."

வராந்தாவில் யாரோ பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. நிறம் வந்த பிறகுதான், இத்தனை நாள் இல்லாமல் இருந்தது தெரிகிறது.

மத்தியானம் தேனு சாப்பிடப் போயிருந்தபோது திலகவதி எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பிறகு எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டாள்.

"அன்னிக்கு மாடியில என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"காத்து வாங்கினேன்."

"என் தலைய தொட்டுச் சொல்லுங்க."

நான் தொடவில்லை.

"மே மாசம் ஒருநாள் கரண்டு பில்லு கட்டுறது, கேஸு பதியுறது, வீட்டு வரி, எல்லாத்தையும் ஒரே நாள்ல எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நீயும் தெரிஞ்சு வச்சுக்கன்னு. கல்யாணமாகி இத்தன வருசமாத் தோணாதது அன்னிக்கு ஏன் தோணுச்சு? வாட்சக் கழட்டி காலேஜ் லேப்புல வேல பாத்த அய்யாவுக்குக் குடுத்துட்டு வந்தீங்க. என்னன்னு கேட்டா, இனி எதுக்குன்னீங்க. நான் மடச்சியா?"

"திலகா..."

"அந்த வாரந்தான் டாக்டரம்மா எனக்குத் தேதி குடுத்தாங்க. ஆபரேசன் பண்ணிட்டு ஒரு மாசம் படுக்கணும்னாங்க. நான் படுத்துட்டா உங்கள யாரு பாக்குறது? நீங்க தனியாக் கம்பத்துக்கு வந்து, தனியா ஒரு வீட்டுல..." மூச்சு வாங்கினாள். "அதான் தள்ளிப் போட்டேன். உங்களுக்கு வேல பிடிச்சு, நாலு பேரோட பேச ஆரம்பிச்சதும் பண்ணிக்கிரலாம்னு. அது முடியல. உங்க பின்னாடி படி ஏறி ஏறியே..." சிரிக்கப் பார்த்தாள்.

நான் அவளுக்கு ஊர் பிடிக்கவில்லை என்றும், என்மேல் கோபம் என்றும் இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீ நெனைக்கிறது உண்மைதான்" என்றேன்.  வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மாள் எங்களைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு ஆபரேசன் முடியட்டும்" என்றாள் திலகவதி. "நீங்களும் டாக்டரப் பாக்கணும். பாக்குறேன்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"போடு."

"சொல்லுங்க."

"பாக்குறேன்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று அறுவை சிகிச்சை. உள்ளே போகும்முன் தேனுவிடம், "அப்பாவை விட்டு நகராதே" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். கட்டிலில் படுத்து அறுபடப் போகிறவள் அவள்.

நல்லபடியாக முடிந்தது. அவளுக்கு இனி அந்தப் போக்கு இருக்காது. எலும்பு மஜ்ஜை இனித் தன் வேலையைச் செய்யும். இரும்புச்சத்து மட்டும் கொடுத்தால் போதும். இதை நான் தேனுவுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். ரத்தம் பகுதியை எஸ்தர் மேடமே நடத்தி முடித்திருந்தார். அடுத்தது இதயம்.

வகுப்புக்குப் போகும்முன் ரூபாவதியைக் கூப்பிட்டேன். "நீ அன்னிக்குச் சொன்னது சரி" என்றேன். "நான்தான் உன்கிட்ட சரியாப் பேசல."

"மேடம் நல்லாயிருக்காங்களா சார்?"

"இருக்காங்க."

"அப்ப சரி சார்" என்று ஓடிவிட்டாள். தேனு வீட்டில் இருக்கிறாள், விடுப்பு எடுத்துக்கொண்டு. மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. சாவி யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தேனு போன வாரம் வேலைக்குத் திரும்பினாள். இன்று திலகவதிக்கு மறுபரிசோதனை. ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியிருக்கிறது. அதை முடித்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனோம். வாசல் பெஞ்சில் கூட்டம். தெரிந்தவர் யாராவது பார்ப்பார்களோ என்று இருந்தது. பிறகு அதுவும் அலுத்துப் போயிற்று.

டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். அவசரப்படாமல் பேசினார். வேலை, ஊர், சாப்பாடு எல்லாம் கேட்டார். தூக்கம் எப்படி என்றபோது "பரவாயில்ல" என்று சொல்லப் போனேன். திலகவதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இல்லைங்க" என்றேன். "ஏப்ரல்ல இருந்து சரியாத் தூங்கல."

"உயிரோட இருக்க வேணாம்னு தோணியிருக்கா?"

திலகவதி மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"தோணியிருக்கு."

"இப்ப?"

"இப்பவும் சில நாள் தோணுது. முன்ன மாதிரி தினமும் இல்ல."

சொல்லிவிட்டுப் பார்த்தேன். டாக்டர் முகம் மாறவில்லை. எழுதிக்கொண்டார். இது குணமாகக்கூடியது என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், இடையில் விட்டுவிடக் கூடாது, அப்படித் தோன்றுகிற நாளில் வீட்டில் சொல்ல வேண்டும், எந்த நேரமானாலும் இங்கே வரலாம் என்றார். பிறகு திலகவதியைப் பார்த்து, "நீங்க ஒருத்தரே இவரைக் காவல் காக்க வேண்டாம்மா. நாங்களும் பாத்துக்கிறோம்" என்றார். அதுவரை அழாதவள் அங்கே அழுதாள்.  அவள் பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது கம்பம் வழியாகப் போகும் குமுளி பஸ் கிடைத்தது. முன்பக்கம் இடம் பிடித்து அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். சின்னமனூர் தாண்டியது தெரியும். வயல்காற்று வந்தது. அப்புறம் ஒன்றும் தெரியாது.

ஹாரன் சத்தத்தில் விழித்தேன். தலை அவள் தோளில் இருந்தது. அவள் சேலையில் என் எச்சில் பட்டிருந்தது. வெளியே பார்த்தால் கடைப் பலகைகளில் கூடலூர் என்று இருந்தது.

"கம்பம் போயிருச்சா?"

"அப்பவே போயிருச்சு."

கண்டக்டர் எழுப்ப வந்தாராம். அவள் கையைக் காட்டி நிறுத்தி, கூடலூருக்கு இரண்டு டிக்கெட் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"எழுப்பியிருக்கலாமே. தையல் போட்ட உடம்பு, இவ்வளவு தூரம் குலுங்கிக்கிட்டு வரணுமா?"

"அசந்து தூங்குனீங்க" என்றாள். "குறட்டை விட்டீங்க. பார்த்து எத்தன மாசமாச்சு."

இறங்கிச் சாலையைக் கடந்து, திரும்பி வரும் பஸ்ஸுக்காக நின்றோம். ஒரு பழக்கடைக்காரர் ஸ்டூலைத் தந்தார். அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். எனக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை.

"இன்னும் தள்ளி லோயர் கேம்ப் வரைக்கும் டிக்கெட் வாங்கியிருக்கணும்" என்றாள். "அந்த டிரைவர் ஹாரன் அடிச்சுக் கெடுத்துட்டாரு."